காது கொடுக்கும் முகம்

1

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, பின்னால் இருப்பவர்களும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கொலைகாரரின் கதை சொல்லப்போகிறேன். பயம் வேண்டாம், அவர் யாரையும் கொன்றதில்லை. பிரச்சினையே அதுதான்.

இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்தது இல்லை, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்குக் குழாய் மாற்ற வந்த மெக்கானிக், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு பாதியும் கவ்வாமல் பாதியுமாகச் சொன்ன அவருடைய சொந்தக் கதை. கவ்விய பாதியில் சில வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை. அந்த இடங்களில் மட்டும் நான் கை வைத்திருக்கிறேன்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'இருண்ட நடைபாதை. எங்கோ ஒரு காலடிச் சத்...' வேண்டாம். இந்தக் கதையில் பள்ளிப் பிள்ளைகள் எடுக்கப்போகும் திகில் டிரெய்லரே அந்த ரகம்தான். இரவல் பயம் எனக்கெதற்கு?

'மெக்கானிக் நல்லவர். ரொம்பவும் நல்...' இதுவும் சரிப்படாது. எடுத்த எடுப்பில் ஒருவரை நல்லவர் என்றால் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அவர் எந்த மெஷினையும் திறப்பதற்கு முன் அதற்குக் காது கொடுப்பார்.

2

மெஷினை ஓடவிட்டு, பக்கத்துத் தகட்டில் காதை வைப்பார். ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். மற்றது எதையும் பார்க்காமல் திறந்தே இருக்கும். தாடை இறுகும். இருபது வருடங்களாக வீடு வீடாகப் போய் இந்த முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு மட்டும் தெரியாது.

அவருடைய அக்கா மகள் பள்ளியில் சினிமாப் பாடம் எடுத்திருந்தாள். வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர். தோழிகளோடு சேர்ந்து இரண்டு நிமிடத் திகில் டிரெய்லர் ஒன்று எடுக்க வேண்டும். பிறகு அதில் என்னென்ன உத்தி, எதற்காக என்று வகுப்பில் நின்று விளக்க வேண்டும்.

"மாமா, நீங்க நடிக்கவே வேண்டாம். நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க, நாங்க எடுத்துக்கறோம்."

"ஹீரோவா நானு?"

"அதுக்கும் மேல மாமா."

3

டிரெய்லர் இப்படி இருந்தது. கதவிடுக்கு வழியாக, தூங்கும் ஒரு பெண். வெட்டு, அடுத்த காட்சி. கீழேயிருந்து, நீல வெளிச்சத்தில், மாமாவின் முகம். காதோரம் தெரிந்த வெள்ளைத் தகடு சுவர் போலவே இருந்தது. எல்லாம் பாதி வேகத்தில். அடியில் இதயத் துடிப்பு மாதிரி முரசு. தாழ்ப்பாள் மெல்ல நகர்கிறது. கறுப்புத் திரையில் எழுத்து: 'அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.'

பார்த்து முடித்ததும் மாமாவே எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

"ஏய் வாலு, கடைசியில நான் கொன்னேனா இல்லையா?"

"படமே இல்ல மாமா. டிரெய்லர் மட்டும்தான்."

"படம் இல்லாம எப்படி டிரெய்லர்? கொன்னேன்னா கொன்னேன்னு சொல்லு. இல்லன்னா விடுதலை பண்ணு. இப்படி நடுவுல தொங்கவிட்டா?"

"அதுக்குப் பேருதான் சஸ்பென்ஸ்."

(இங்கே ஓர் அடிக்குறிப்பைச் செருகிவிடுகிறேன்: டிரெய்லர் என்பது முடிவு சொல்லும் கடமையே இல்லாத கதை. எழுதுகிற எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.)

4

யாரோ பெருமையாக அதை வாலு இருக்கும் குடியிருப்புக்காரர்களின் கைப்பேசிக் குழுவில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும், ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாவும் பார்த்தார். அடுத்த நாள் மாமா மணியடித்தபோது, கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது.

"இப்போ வேண்டாம் தம்பி. அப்புறம் சொல்லி அனுப்பறேன்."

"சத்தம் வருதுன்னீங்களேம்மா?"

"இப்ப வரல."

உள்ளே மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்குமே அது கேட்டது.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இதே 'அப்புறம்'. அவருடைய தொழிலுக்குப் பையில் இருக்கும் சாமான்கள் மட்டும் போதாதே. முன்பின் தெரியாதவர்களும் கதவைத் திறக்க வேண்டும்.

(முதல் வரைவில் டைப்பிஸ்ட் அம்மாவைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தனியாக இருப்பவர் சங்கிலியை மாட்டாமல் வேறு யார் மாட்டுவார்கள்?)

"வாலு, உன் டிரெய்லர்ல நான் யாரைக் கொன்னேன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"யாரை மாமா?"

"என் பொழைப்பை."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

5

வகுப்பில் விளக்கம் சொல்லும் நாளுக்கு யாரை வேண்டுமானாலும் அழைத்துவரலாம். வாலு நேராக மூன்றாம் மாடிக்குப் போய் அழைத்தாள். டைப்பிஸ்ட் அம்மா வந்தார்; வகுப்பின் கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்தார். மாமா கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க.

"இது லோ ஆங்கிள். கீழேயிருந்து காட்டினா யாரா இருந்தாலும் ஆபத்தான ஆள் மாதிரி தெரிவாங்க," என்றாள் வாலு. "ஆனா நாங்க யோசிச்சு வைக்கல மிஸ். அங்க நிக்க இடமில்லாம, கேமரா பிடிச்ச இவ தரையில படுத்து எடுத்தா."

எல்லோர் முன்னாலும் கணினியில் முரசுச் சத்தத்தை நீக்கினாள். நீலத்தை நீக்கினாள். வேகத்தைப் பழையபடி ஆக்கினாள்.

"இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றது முன்வரிசை.

"ஆமா. ஏன்னா முன்னாடி ஒரு பொண்ணு தூங்கறா. ஒரு முகத்துக்கு அர்த்தம் பக்கத்து ஷாட்லதான் இருக்கு." அந்தப் பெண்ணை வெட்டி எறிந்துவிட்டு, முகத்துக்கு அடுத்ததாக உண்மையிலேயே கேமராவில் பதிந்ததை ஒட்டினாள்.

மாமா தகட்டிலிருந்து காதை எடுக்கிறார். மெஷினின் தலையைத் தட்டிக்கொடுக்கிறார். "பேரிங் போச்சுடி தங்கம். நாலு நாள் பொறுத்துக்கோ."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாமாவுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இனிமே உன் டிரெய்லருக்கு இங்க யாரும் பயப்பட மாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் மிஸ். பயம் போறதுக்குத்தான் பண்ணினேன்."

6

இனி முடிவு.

முதல் முடிவில், டைப்பிஸ்ட் அம்மா சாவிக்கொத்தையே எடுத்து நீட்டி... திகட்டுகிறது. இரண்டாவதில், ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடு... எனக்கு மனசு வரவில்லை.

மெக்கானிக் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கூட்டம் கலைந்தது. நடைவழியில் டைப்பிஸ்ட் அம்மா அவர் முன்னால் வந்து நின்றார்.

"சத்தம் நிக்கல தம்பி."

"எப்படிம்மா வருது?"

அம்மா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, வாயாலேயே செய்துகாட்டினார்: "கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக் டக்."

மாமா பழக்கதோஷத்தில் காதைச் சாய்த்தார். ஒரு கண் மூடிக்கொண்டது. தாடை இறுகியது. அதே முகம். கை நீட்டினால் தொடும் தூரத்தில். முரசு இல்லை, நீலம் இல்லை, சாய்ந்துகொள்ள மெஷின்கூட இல்லை.

"ஐயையோ, அதே முகமாச்சேன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது," என்றார் என்னிடம், எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடி. அதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்து ஷாட்டை நானே ஒட்டிவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம்? அந்த அம்மா சிரித்தாரா, ஓரடி பின்வாங்கினாரா, 'நாளைக்கு வாங்க' என்றாரா? நீங்கள் எதை ஒட்டுகிறீர்களோ, அந்த மனிதர் அதுவாகவே ஆகிவிடுவார். பார்த்து ஒட்டுங்கள், கண்ணுகளா.

உங்கள் வீடுகளில் ஓடுவதெல்லாம் பழுதில்லாமல் ஓடட்டும். அப்படியே ஏதாவது முனகினாலும், காது கொடுக்க நல்ல மனிதர் ஒருவர் வந்து சேரட்டும். வீட்டிலிருக்கும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி, சிரித்துக்கொண்டே எழுந்திருங்கள்.