கம்பி அறுந்த சபாத்

வெள்ளிக்கிழமை மதியம் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் வந்தபோது எலிமெலெக் குளியலறையில் இருந்தார். மனைவி ஃப்ரூமா அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளி இருட்டியதும் தொடங்குகிற ஓய்வுநாளான சபாத்துக்கு முன்னால் இந்தக் குளியல் ஒன்றுதான் அவர் அடம்பிடித்துக் கேட்பது. துண்டை மறந்துவிட்டாள். குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது.

"கவனிங்க, கவனிங்க! தெக்குப் பக்கம் கம்பி அறுந்துபோச்சு. இருட்டுறதுக்குள்ள கட்ட முடியாது. நாளைக்கு யாரும் எதையும் தூக்காதீங்க. பிள்ளைங்க வண்டி, சக்கர நாற்காலி, எதுவும் தெருவுக்கு வரக்கூடாது. எல்லாருக்கும் நல்ல சபாத்!"

புதன்கிழமையிலிருந்தே ஜெருசலேமில் பேய்க்காற்று. கூரைத் தகரமே பறக்கும்போது கம்பி என்ன செய்யும். பேட்டையைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கும் அந்த ஒற்றைக் கம்பி முழுசாக இருந்தால் தெருவெல்லாம் சேர்ந்து ஒரே வீடு. வீட்டுக்குள் எதைத் தூக்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? அது அறுந்துவிட்டால் தெரு தெருவாகிவிடும். ஓய்ந்திருக்க வேண்டிய நாளில் சட்டைப் பையிலிருக்கும் கைக்குட்டைகூடச் சுமைதான். தானாக நடக்க முடியாத மனிதனும் அப்படியே.

"என்ன சத்தம் அது?" என்றார் எலிமெலெக் உள்ளிருந்து. குழாய்ச் சத்தத்தில் அவருக்கு வார்த்தை பிடிபடவில்லை.

"உருளைக்கிழங்கு விக்கிறான்" என்றாள் ஃப்ரூமா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. துண்டை எடுத்துக்கொண்டு போய் அவர் தலையைத் துவட்டினாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நம்மைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பிறகுதான்.

எலிமெலெக் பேட்டையின் ஜெபக்கூடத்தில் முப்பது வருஷம் தோரா வேதம் வாசித்தவர். தசையைத் தின்னும் நோய் முதலில் காலைப் பிடித்தது, அப்புறம் கைகளை. இப்போது தொண்டைக்கு வந்திருக்கிறது. வாசிப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் வாரத்துக்கொன்றாக வாசிக்கிற பகுதிகளில் வருஷத்துக்கு ஒன்றை மட்டும் அவருக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். பாலைவனத்தில் வானத்து அப்பம் விழுகிற பகுதி அது. பதின்மூன்று வயதில் முதன்முதலாக அவர் எழுந்து நின்று வாசித்ததும் அதைத்தான். இந்த வருஷம் சில வரிகள் போதும் என்று ஜெபக்கூடத்துக் குருவான ரபி சொல்லியிருந்தார். வசந்தத்தில் வருகிற பஸ்கா பண்டிகைக்குள் குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் இது, வாசிப்பு நாளைக்கு. மாதம் முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிகளையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கம்பி அறுந்தது தெரிந்தால் அவர் படுக்கையைவிட்டு அசையமாட்டார். கெஞ்சினாலும் மாட்டார். அடுத்த வருஷம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

சபாத் மெழுகுவர்த்தி ஏற்றக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எதிர்வீட்டு ஸ்லாட்டா கதவைத் தட்டினாள். ஃப்ரூமா வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கேட்டியாடி அநியாயத்த? வேற வாரமே கெடைக்கலையா இந்தக் காத்துக்கு? என் மருமக மூணு பிள்ளைங்களோட எங்க வீட்டுல அடைஞ்சு கெடக்கப்போறா. நாளைக்கு என் காது காதா இருக்காது. அத விடு, உங்காளு என்ன சொன்னாரு?"

"தூங்குறாரு. மெதுவாப் பேசு."

"இன்னும் சொல்லலையா?"

"சொல்றேன்."

"பாவம், மனுஷன் ஒடைஞ்சுபோயிடுவாரு" என்று ஸ்லாட்டா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, வந்த காரியம் நினைவுக்கு வந்து, ரெண்டு வெங்காயம் வாங்கிக்கொண்டு போனாள்.

ஃப்ரூமா மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். கண்களை மூடி உள்ளங்கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வாராவாரம் அந்த இருட்டில் அவள் கடவுளிடம் கேட்பது ஒரு பாடு இருக்கும்: மகள்கள் இருவர், பேரப்பிள்ளைகள், இவருடைய மூச்சு. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் தானே மீறப்போகிற ஓய்வுநாளை இன்று கைநீட்டி வரவேற்றுவிட்டு எந்த முகத்தோடு கேட்பது?

அவள் கடவுளுக்குப் பயந்தவள். ஒரு சபாத்தில்கூட, தொடக்கூடாத விளக்குச் சுவிட்சைக் கைமறதியாய்த் தொட்டதில்லை. அதனால்தான் கணக்காக யோசித்தாள். தெரியாமல் செய்கிறவனுடைய பிழை வேறு, தெரிந்தே செய்கிறவனுடைய பாவம் வேறு. இதே மேஜையில் எலிமெலெக் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். அவருக்குத் தெரியாது, ஆகவே அவர் மேல் குற்றம் பாதி கூட இல்லை. தள்ளப்போவது தன் கை. தண்டனையும் தனக்கே வரட்டும். ஜெபக்கூடத்தில் பார்க்கிறவர்கள், நோயாளிக்கு ரபி ஏதோ வழி சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் வாசிப்பு முடிந்திருக்கும். அதற்குமேல் எது வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

எலிமெலெக் அன்றிரவு மேஜையில் பாடினார். பாதி பாட்டு, பாதி காற்று. அவள் ரசத்தைக் கரண்டியால் ஊட்டினாள். "நாளைக்குக் குரல் நிக்கும் போலிருக்கு ஃப்ரூமா" என்றார், சின்னப் பையன் மாதிரி. அவளுக்கு அழுகை வந்தது. கோழி ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தாள். அதில் மிளகே போட்டிருக்கவில்லை.

காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பினார்கள். அவருக்குக் கறுப்பு மேல்கோட்டு, ஜெபச் சால்வை, அதற்குமேல் ஒரு கம்பளி. தரைத்தளத்து வீடு, வாசலில் சரிவு உண்டு. சக்கரம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. வானம் இடிந்து விழவில்லை. காற்றுகூட ஓய்ந்திருந்தது.

"டிரைவரம்மா இன்னிக்கு ரொம்பக் கம்முனு இருக்காங்களே" என்றார் எலிமெலெக்.

"மேடுங்க. மூச்சு வாங்குது."

"நான்தான் வாரத்துக்கு வாரம் எளைச்சுக்கிட்டே வர்றேனே. ஒனக்கு லேசாத்தானே இருக்கணும்?"

அவள் சிரித்து வைத்தாள். மேட்டில் பாதிதூரம் ஏறியிருப்பார்கள். எதிரே ஒரு இளம்பெண் நடக்கத் தெரிந்த குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஓரத்துக்குப் போனாள். பின்னாலேயே வந்த ஆள் கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டியிருந்தான். தூக்கிக்கொண்டு போகக்கூடாத நாளில் துணியை உடுப்பாக்கிக்கொள்கிற பழைய வழி அது.

எலிமெலெக் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கழுத்து மட்டும் இன்னும் அவர் சொன்னபடி கேட்கும்.

"ஃப்ரூமா, பிள்ளைங்க வண்டி ஒண்ணக்கூடக் காணோமே?"

அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"நிறுத்து."

நிறுத்தினாள். சரிவில் சக்கரம் பின்னால் நழுவியது. பிரேக்கை அழுத்தினாள்.

"கம்பி அறுந்துபோச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தது.

"ஆமாங்க."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து. நீங்க குளிச்சிட்டிருந்தப்ப."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பகுதியில என்ன வருது தெரியுமா ஃப்ரூமா? ஏழாம் நாளுக்கும் சேத்து முந்தின நாளே ரெட்டப் பங்கு குடுத்தாச்சு, வெளிய போகாதீங்கன்னு சொல்லியும், சில பேரு போறாங்க. அப்பம் பொறுக்கப் போறாங்க. ஒண்ணும் கெடைக்கல. அதத்தான் நான் இன்னிக்கு எல்லாரு முன்னாலயும் வாசிக்கப்போனேன். தெருவுல உருண்டுக்கிட்டே போயி."

"தப்பு என்னுதுங்க. உங்களுக்குத் தெரியாதே."

"இப்பத் தெரியும்ல" என்றார் அவர். "இனி ஒரு அடி நகத்தாத."

மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. நட்டநடு மேட்டில், தை மாதக் குளிரில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். ஜெபக்கூடம் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருவர் அப்படிச் செய்யலாம் என்றார், இன்னொருவர் இப்படி என்றார். சட்டம் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் தெரு வகுப்பறையாகிவிடும். ஃப்ரூமா கைப்பிடியை விடாமல் நின்றாள். எல்லோருடைய கண்ணும் அவள் கைமேல்தான் இருந்தது.

கடைசியில் ரபியே வந்தார். கிழவர், அவசரப்படாத ஆள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டிடத்துப் பெரியவரைப் பார்த்துக்கொள்கிற நேபாளத்துப் பையன் பிஷ்ணு, தன் கிழவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தான். ரபி அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இவன் நம்மாளு இல்ல, இவனுக்கு இந்தத் தடை கிடையாது. சீக்காளிய இவன் தள்ளிக்கிட்டுப் போகலாம். வாசிக்கவும் போகலாம், தப்பில்ல." பிறகு ஃப்ரூமாவின் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "நேத்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே இவன அனுப்பி வச்சிருப்பேனேம்மா."

வழி இருந்திருக்கிறது. கதவு திறந்தே கிடந்திருக்கிறது. முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவள் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சுவரை இடித்திருக்கிறாள்.

"எந்தப் பக்கம் ஐயா? மேலயா, வீட்டுக்கா?" என்று பிஷ்ணு கேட்டான்.

"வீட்டுக்கு" என்றார் எலிமெலெக்.

"எலிமெலெக், உங்கமேல குத்தமில்ல. வாங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் ரபி.

"பாதி வழி நான் எப்பிடி வந்தேன்னு தெரிஞ்சிருச்சே, ரபி. அந்த வாயால இத எப்பிடி வாசிக்க? வேற யாராவது வாசிக்கட்டும்."

பிஷ்ணு தன் கிழவரை நின்றிருந்த ஒருவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான். ஃப்ரூமா பின்னால் நடந்தாள். பல வருஷமாக அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பழகிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் அவருக்குச் சோறூட்டினாள். சாப்பிட்டார். "திட்டுங்களேன், ஒரு வார்த்த திட்டிருங்களேன்" என்றாள்.

"எதுக்குத் திட்ட? எனக்காகத்தான செஞ்ச?"

"ஆமாங்க. உங்களுக்காகத்தான்."

"அதுதான் பயமா இருக்கு" என்றார். "காலு போச்சு, கை போச்சு. எனக்குன்னு செய்ய மிச்சமிருந்தது இந்த ஒரு நாளு. ஓய்ஞ்சிருன்னு சொன்னா ஓய்ஞ்சிருக்க இந்த ஒடம்பாலயும் முடியும். அதுக்கு நான் ஒன்னத்தான நம்பியிருந்தேன்."

அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கம்பியைத் திங்கட்கிழமையே கட்டிவிட்டார்கள். அடுத்த வெள்ளி மதியம் வண்டி வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. ஃப்ரூமா ஓடிப்போய்ச் சொன்னாள்: "கம்பி நல்லாருக்காம்ங்க. நாளைக்குப் போகலாம்."

"சந்தோஷம்" என்றார்.

சற்று நேரத்தில் ஸ்லாட்டா மாவு சலிக்கிற சல்லடை கேட்டு வந்தாள். எலிமெலெக் உள்ளிருந்தே கூப்பிட்டார்.

"ஸ்லாட்டா, கம்பி எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்குங்க எலிமெலெக் ஐயா. இப்பத்தானே வண்டி போச்சு. என் மருமகளும் பிள்ளைங்களும் நாளைக்குத் தெருவுலதான். எனக்கும் விடுதல!"

"நல்லது" என்றார் அவர்.

ஃப்ரூமா சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்லாட்டாவுக்கும் ஏதோ புரிந்தது, வம்பளக்காமல் போய்விட்டாள். அது அவள் வாழ்நாளில் நடக்காத சங்கதி.

மறுநாள் போனார்கள். ஃப்ரூமாதான் தள்ளினாள். எல்லாம் முன்னைப் போலவே நடந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அவர் ஸ்லாட்டாவிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான் புதிது. குத்திக்காட்டுகிற குரலே கிடையாது. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்பார். சில வாரம் போனதும் அவர் கேட்கும்வரை ஃப்ரூமா காத்திருக்கவில்லை. தானே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம் வந்து அவருகிட்ட சொல்லிட்டுப் போடி" என்பாள். ஸ்லாட்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போவாள். ஃப்ரூமா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். புருஷனுக்கு முன்னால் சாட்சி கூட்டிக்கொண்டு வந்து நிற்கிற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

பஸ்காவுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்லாட்டா சபாத்துக்காக மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மாடிக்காரர்களும் ஊரில் இல்லை. அவருடைய குரல் அதற்குள் அநேகமாகப் போய்விட்டிருந்தது. உதட்டருகே காதை வைத்தால்தான் கேட்கும்.

சனிக்கிழமை காலையில் ஃப்ரூமா அவருக்குக் கோட்டு மாட்டினாள், செருப்புப் போட்டுவிட்டாள். நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்தாள். வெளியே நல்ல வெயில்.

"கம்பி நல்லாருக்குங்க" என்றாள். "நேத்து வண்டி வந்துச்சு. நானே ஜன்னலத் திறந்து நின்னு கேட்டேன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு துளியும் இல்லை. பிறகு உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"இன்னிக்கு ஒடம்பு கொஞ்சம் அசதியா இருக்கு ஃப்ரூமா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவருக்கு அசதி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கியவர், விடியும் முன்பே விழித்து, எப்போது கிளப்புவாள் என்று காத்துக்கிடந்தவர். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர், அவள் மனம் நோகக்கூடாதென்று ஒரு பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்.

"சரிங்க" என்றாள் ஃப்ரூமா. குனிந்து அவருடைய செருப்பைக் கழற்றினாள்.