குரூப் போட்டோ

எங்கள் ஸ்டுடியோவை வாங்கிய பைனான்சியர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. உம்மணாமூஞ்சி என்றுதான் அவருக்குப் பெயர். அவர் பணத்திலேயே, அவரைப் போன்ற பேராசைக்காரர்களைக் கிண்டலடித்து ஒரு காமெடிப் படம் எடுத்திருந்தோம். கொழுப்புதான், வேறென்ன? அவருக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் ஸ்டுடியோவை இழுத்து மூடிவிடுவார் என்று பேச்சு.

நான் எடிட்டர். என் அக்கா புருஷன் அங்கே லைட்மேன். அக்காவுக்கு நிறைமாதம். அத்தானுக்கு வேறு வேலை தெரியாது.

படம் போட்டுக் காட்டிய அன்று உம்மணாமூஞ்சி முன்வரிசையில் உட்கார்ந்தார். நாங்கள் திரையைப் பார்க்கவில்லை, அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளை வரை அது அசையவே இல்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. முதலாளி, குரூப் போட்டோ எடுக்கலாம் என்று தொழிலாளிகளைத் தெருவுக்கு அழைக்கிறான். அவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே பின்னால் கேட்டைப் பூட்டிவிடுகிறான். அத்தனை பேருக்கும் வேலை போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும் தொழிலாளி எங்கள் அத்தான்தான். துணை நடிகர் வராததால் அவரை இழுத்துவிட்டிருந்தோம்.

அந்த அழுகையைப் பார்த்து உம்மணாமூஞ்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"பொழச்சோம் மச்சான்!" என்று அத்தான் என் தோளில் குத்தினார். "நான் அழுததுதான் நமக்குச் சோறு போடப்போகுது, பாரு."

அடுத்த வாரம் மேனேஜர் வந்து கைதட்டினார். "எல்லாரும் வெளிய போய் நில்லுங்க. சார் உங்களோட குரூப் போட்டோ எடுத்துக்கணுமாம்."

வேறு எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்களுக்கோ அது எங்கள் ஜோக். சாரே எங்களோடு விளையாடுகிறார் என்று உச்சி குளிர்ந்துபோனோம். முட்டாள்கள்! அத்தான் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார்.

பின்னால் கேட் பூட்டும் சத்தம் கேட்டது. அத்தான் பாய்ந்துபோய்க் கம்பியைப் பிடித்து, படத்தில் அழுத மாதிரியே அழுதுகாட்டினார். விழுந்து விழுந்து சிரித்தோம். மாடி ஜன்னலில் உம்மணாமூஞ்சியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டார்.

கேமராவோடு யாரும் வரவில்லை. கேட்டுக்கு உள்ளே நின்ற வாட்ச்மேன் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம்.

அத்தான் மட்டும் கம்பியை விடவில்லை. கன்னத்தில் இருந்த கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு, வாட்ச்மேனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"அண்ணே, சீன் முடிஞ்சிருச்சுண்ணே. தொறங்க."