தேறாத தார்

பிராண்டன் நகரத் தார்ச்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் டெல்மா ஹுடாக் ஒருத்திதான் வேலை பார்த்தாள். சாலையிலிருந்து வெட்டியெடுத்த தார்த் துண்டுகளை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, மேலே ஆள் கனமுள்ள இரும்புச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஓடவிடுவாள். ஆழமாகப் பள்ளம் விழுந்தால் சாலை தேறாது.

அன்று மத்தியானம் சோதனைக்கு வந்தது அவள் தங்கை புருஷன் வேட் மேஸ்திரியாக நின்று போட்ட சாலை. முதல் துண்டு களிமண்ணாய்க் குழைந்துவிட்டது. இரண்டாவதன்மேல் சக்கரம் ஓடும்போதே வேட் கதவை உதைத்துக்கொண்டு வந்தான்.

"மெஷினை நிறுத்து டெல்மா."

"வெளிய போ."

"மட்டமான தார வாங்கினது முதலாளி. மாட்டிக்கிறது நானா?"

"தெரிஞ்சுதான போட்ட? அந்த ரோட்டுலதான் உன் பொண்ணோட ஸ்கூல் பஸ் போகுது."

"என் பொண்ண இழுக்காத!"

முகத்தில் குத்து விழுந்தது. டெல்மாவின் பல்லொன்று உதட்டைக் கிழித்தது. அடுப்பிலிருந்து இறக்கிவைத்திருந்த தார்க்கலவைத் தட்டை எடுத்து அவன்மேல் வீசினாள். கொதிக்கும் தார் கழுத்தில் ஒட்டிக்கொள்ள, அவன் மாடு மாதிரி கத்தினான். அவளைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் விலாவில் மிதித்தான். உள்ளே ஏதோ முறிந்தது அவளுக்கே கேட்டது.

"சாட்சியே இல்லாம பண்றேன் பாரு!"

தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் துண்டைப் பிடுங்கப் பார்த்தான். அது பழைய இயந்திரம்; மூடியைத் திறந்தாலும் நிற்காது. சக்கரம் அவன் விரல்களின்மேல் ஏறியது. திரும்பி வந்து மறுபடி ஏறியது. தண்ணீர் சிவந்தது.

"டெல்மா! நிறுத்து! ஐயோ, நிறுத்துடி!"

சுவரிலிருந்த நிறுத்தும் பொத்தான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள். சக்கரம் இன்னொரு முறை போய் வந்தது. பிறகுதான் அமுக்கினாள். தவழ்ந்து போய், தன் மேலங்கியால் அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

வேடுக்கு இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கை மார்லா, டெல்மாவின் கட்டிலருகே உட்காரவில்லை.

"உடனே அமுக்கினியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

டெல்மாவுக்கு மூச்சு விடவே வலித்தது. பொய் சொல்லிவிட்டால் தங்கையாவது தனக்கு மிஞ்சுவாள்.

"இல்ல," என்றாள்.

மார்லா கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் அக்காவோடு பேசவேயில்லை.

பனி விழுமுன் அந்தச் சாலையைப் பெயர்த்தெடுத்தார்கள். புதிதாகப் போட்டதன் துண்டுகளை, விலாவில் கட்டுடன் டெல்மாவே தொட்டியில் இறக்கினாள்.