செவ்வந்தியின் பின்னணி இசை

எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் கூடவே அதன் பின்னணி இசையும் பிறக்கும். என் மகள் செவ்வந்திக்கு நிறைய வயலின், ஒரு புல்லாங்குழல். அவள் குப்புற விழுந்தால் தவில் ஒரு தட்டு தட்டும். அவளைத் தூங்கவைக்க நான் மெனக்கெட்டதே இல்லை. அதுவே பார்த்துக்கொள்ளும்.

பத்து மாதம் ஆனதும் சபாவிலிருந்து சோதிக்க வருவார்கள். சினிமா இசை என்றால் பிள்ளையோடு விட்டுவிடுவார்கள். சாஸ்திரீய சங்கீதம் என்றால் சபாவுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். என்னுடையது அப்படித்தான் போனது. வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே கச்சேரி செய்கிறது. காய்கறி வாங்கப் போகும்போது மதிலோரம் வாய் திறக்காமல் நின்று கேட்பேன். மற்றபடி நான் நடந்தால் செருப்புச் சத்தம் மட்டும்தான்.

சபா செயலாளர் பட்டாபிராமன் வந்து பாயில் உட்கார்ந்தார். செவ்வந்தியை மடியில் வைத்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்.

"பேஷ்! சபாவுக்கு எடுத்துண்டு போயிட வேண்டியதுதான்."

"சினிமாவா இருக்காதா சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பெத்தவ ஏதாவது பேசட்டும். பேச்சுக்கு வழிவிட்டு அடங்கினா சினிமா. கச்சேரின்னா, யார் பேசினாலும் அது பாட்டுக்குப் போயிண்டிருக்கும்."

"இவளா? கல்யாணத்துல போட்டோக்காரர் பேரு கேட்டதுக்கே எங்கக்காதான் பதில் சொல்லுச்சு."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம். பேசலேன்னா சாஸ்திரீயம்னு எழுதிடுவேன். இவாளோடதைச் சோதிச்ச அன்னிக்கு இவா அம்மாவும் வாயத் திறக்கலை."

நான் முந்தானையை விரலில் சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன். இரண்டு நிமிஷம் போய்விட்டது. அவர் பேனா மூடியைத் திறந்தார். செவ்வந்தி அவர் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயலின்கள் ஏறின.

"சார், உங்க வேட்டியில பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா," என்றேன்.

வயலின்கள் அடங்கின. நான் சொல்லி முடிக்கும்வரை தரையோடு தரையாகக் கிடந்தன. பிறகு எழுந்தன.

சினிமா என்று எழுதிவிட்டு, ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் போனார்.

அந்த வியாழக்கிழமை செவ்வந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலோரம் நின்றேன். உள்ளே என்னுடையது நடந்துகொண்டிருந்தது. அவள் பையிலிருந்த தக்காளியைக் கேட்டு அடம்பிடித்தாள்.

"பொறுடி, கழுவித் தர்றேன்," என்றேன்.

உள்ளே பாட்டு அடங்கிவிட்டது.

செயலாளர் வெளியே வந்தார். "உங்களோடதும் சினிமாதாம்மா. அழைச்சுண்டு போங்கோ. ஆனா ஒரு பத்து நிமிஷம் இருக்கணும். இருபத்திரண்டு வருஷமா தலையாட்டினவாள்லாம் அதைத் திருப்பி எடுத்துக்கணும்."

ரசிகர்கள் வரிசையாக வந்தார்கள். ஆட்டிய தலையை எதிர்ப்பக்கமாக ஆட்டிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் சபாக் குழாயில் தக்காளியைக் கழுவிச் செவ்வந்தியிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.