தண்டபாணியின் எடையை வழியனுப்பியது

தண்டபாணியின் கூடுதல் எடை தனி ஆளாகப் பிரிந்து, சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி சுகந்தி காபி போடும்போது அதற்கும் ஒரு டம்ளர் வைப்பாள். சர்க்கரை தூக்கலாக இருந்தால் அதற்குப் பிடிக்கும்.

இருவருக்கும் இதயம் மட்டும் ஒன்றுதான். அது தண்டபாணியின் நெஞ்சில் இருந்துகொண்டு இரண்டு உடம்புக்கும் ரத்தம் அனுப்பியது. மிக்ஸி ஓடும்போதுகூட அது இரைக்கிற சத்தம் சமையலறைக்குக் கேட்டது.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளம்பணும்மா. இல்லேன்னா இதயம் நின்னுடும்,” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவரைப் போகச் சொல்லிச் சுகந்திக்குப் பழக்கமில்லை. மறுநாள் இன்னொரு தோசை கேட்ட எடையிடம், “ஊர்ல உங்களைத் தேட மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“தேடுவாங்கதான். இவரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்து ஏத்திவிட்டா கிளம்பிடுவேன். தனியாப் போனா நாலு பேரு உங்களைத்தான் தப்பாப் பேசுவாங்க,” என்றது எடை.

நியாயமாகத்தான் இருந்தது.

தண்டபாணி அவ்வளவு தூரம் நடந்து வருஷக்கணக்காகிறது. முதல் நாள் தெருமுனை இஸ்திரி வண்டி வரை போய், அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எடைக்குப் பாவமாக இருந்தது. கைத்தாங்கலாகத் திருப்பிக் கூட்டிவந்தது.

“என்னங்க, வழியனுப்பப் போன உங்களை அவரு கொண்டாந்து விட்டுட்டுப் போறாராக்கும்?”

“எங்க போனாரு? உக்காந்து டிவி போட்டுட்டாரு, பாரு.”

மறுநாள் பால் சொசைட்டி வரை போனார்கள். அப்புறம் ரயில்வே கேட். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் எடை கொஞ்சம் இளைத்திருந்தது. கடைசியில் டம்ளரைத் தூக்க முடியாமல், கைக்குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் காபி கேட்டது. சுகந்தி சர்க்கரையைக் குறைத்தாள். சண்டை போட அதற்குத் தெம்பில்லை.

மாசியில் ஒரு காலை பஸ் ஸ்டாண்டுக்கே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுகந்தியும் கூடப் போயிருந்தாள். தண்டபாணி எடையை உள்ளங்கையில் ஏந்தி ஜன்னலோரம் உட்காரவைத்தார். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை.

பஸ் போனதும், யாரும் பார்க்காதபோது சுகந்தி கணவரின் நெஞ்சில் காதை வைத்தாள். உற்றுக் கேட்க வேண்டியிருந்தது. இதயம் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான், நடந்து வந்த சாலையும் பின்னாலேயே வந்திருப்பதைக் கவனித்தார்கள்.

“இனிமே இவரு நடக்க வரமாட்டாரோன்னு நெனச்சேன்,” என்றது சாலை.

“மண்ணை உதறிட்டு உள்ள வா,” என்றாள் சுகந்தி.

ஹாலில் அதற்கு இடம் போதவில்லை. தண்டபாணி அதன் முனையைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் படியேறினார்.