மேஸ்திரி சுட்ட பன்னிரண்டு சிப்பிகள்

1

இந்தக் கதைக்காக நான் கற்பனையைச் சிரமப்படுத்தவில்லை. மூன்று ஞாயிறுகளுக்கு முன் அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன், கிடைத்தது. சிப்பியும் கிடைத்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. (அவசரப்பட்டுவிட்டேன். இந்த வாக்கியம் ஐந்தாம் பகுதிக்கு உரியது.)

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘கடலின் நெடுமூச்சு உறைந்த அந்த ஓடுகளை அவர்...’ அடித்துவிட்டேன். சிப்பி, மீன்கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. மூச்சு எதுவும் விடவில்லை.

2

அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், டைல்ஸ் மேஸ்திரி. இருபத்தாறு வருடம் மண்டியிட்டுத் தரை போட்டதில் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. இனிமேல் குந்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. அதிலிருந்து வீட்டில் சும்மா நின்றுகொண்டிருக்கிறார். குளியலறைக் கதவை மூன்று முறை பழுதுபார்த்தார். அதில் பழுதே இல்லை.

கையை வைத்து, நின்றபடி செய்ய வீட்டில் மிச்சமிருந்த வேலை சமையல் ஒன்றுதான். சமையலறையோ அக்காவுடையது. அவள் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர். ஒரு கரண்டி இடம் மாறினாலும் விசாரணை நடக்கும்.

பேச்சுவார்த்தை ஒரு வாரம் நீடித்தது. கடைசியில் அக்கா இறங்கிவந்தாள்.

“ஒரே ஒரு அயிட்டம். ஹோட்டல்ல பண்ற மாதிரி வந்துதுன்னா, ஞாயித்துக்கிழமை அடுப்பு உங்களுக்கு. வரலேன்னா இந்த வாசலைத் தாண்டி உள்ள வரக் கூடாது.”

அத்தான் ஆம்லெட் என்று சொல்லியிருக்கலாம். சுட்ட சிப்பி என்றார்.

3

இங்கே எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு மேஸ்திரி ஏன் சிப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். ஒரு பெரிய உணவகத்தின் சமையலறைக்குத் தரை போட்ட பதினொரு நாளும், அங்கே சிப்பி சுடுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தாராம்.

பக்கத்தில் என்றால், கீழே. மேடைமேல் நடந்தது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. பட்டவை: சமையல்காரரின் செருப்பு, மேலிருந்து சிந்திய கல்லுப்பு, அடுத்து சொட்டிய தண்ணீர்.

(பிறகு அந்தச் சமையல்காரரை போனில் பிடித்து விசாரித்தேன். உப்பைத் தட்டில் பரப்புவது ஓடு சாயாமல் நிற்பதற்காக. தண்ணீர், பக்கத்தில் சிப்பி கழுவியபோது வழிந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.)

அத்தான் சம்பந்தப்படுத்திவிட்டார். உப்பு, தண்ணீர். கலவை.

4

சிப்பிகளை ஒவ்வொன்றாகத் துணியில் பிடித்து, மூட்டில் கத்தியைச் செருகித் திருகித் திறந்தார். சதையைக் கிண்ணத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். இதுவரை குறைசொல்ல ஏதுமில்லை.

பிறகு உப்பில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தட்டில் கொட்டிச் சமமாக இழுத்து, சிப்பிகளின் கீழோடுகளைப் பதித்தார். இடைவெளி பிசகாதிருக்க நடுவே தீக்குச்சி வைத்தார். ரப்பர் சுத்தியலால் தட்டினார். ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். குச்சிகளை எடுத்துவிட்டு, கலவை இறுக அரைமணி நேரம் ஓவனில் விட்டார். அதன் பிறகே சதை, பூண்டு வெண்ணெய், ரொட்டித்தூள், மேல்கம்பிச் சூட்டில் ஆறு நிமிடம்.

5

வாசனை பிரமாதம். அக்கா ஒரு சிப்பியைப் பிடித்துத் தூக்கினாள். தட்டும் சேர்ந்து வந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் இழுத்தாள். அசையவில்லை.

அத்தான் முகத்தில் கலவரம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“வராதுமா,” என்றார் மெதுவாக. “நான் வச்சது எதுவும் இதுவரைக்கும் பேந்து வந்ததில்ல.”

மூன்று பேரும் தட்டின்மேல் குனிந்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு, முள்கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டோம். ருசி, உண்மையைச் சொன்னால், ஹோட்டல் ருசிதான். அக்கா ஐந்து சாப்பிட்டாள். எண்ணினேன்.

6

முடிவுகள்:

(அ) அக்கா கண்கலங்கி அடுப்பை ஒப்படைக்கிறாள். (அவளுக்குக் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.)

(ஆ) தட்டு பாழ், அத்தானுக்குத் தடை. (எழுத மனம் வரவில்லை.)

(இ) அத்தான் உளியை எடுத்துக்கொண்டு

வேண்டாம். தீர்ப்பை அக்காவிடமே கேட்டேன்.

“கதையா எழுதுறேன்னு சொன்னியே, முதல்ல எழுதி முடி. நீ எப்படி முடிக்கிறேன்னு பாத்துட்டு நான் சொல்றேன்.”

அதுவரை அடுப்பு?

“அதுவரைக்கும் அது பாட்டுக்கு நடக்கட்டும்டா.”

நடக்கிறது. போன வாரம் பூசணி சூப். நேற்று கோழி வறுவல். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தான், கதை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். கடைசிப் பக்கம் என்றேன். கரண்டியும் கையுமாக இன்னும் இரண்டடி வெளியே வந்தார்.

“அவசரம் ஒண்ணும் இல்ல மச்சான். நிதானமாப் பாரு.”

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா காதுக்குப் போகக் கூடாது. வரும் ஞாயிறு நண்டாம். மீன்கடையில் இப்போதே சொல்லிவைத்துவிட்டு அத்தான்