ஏழு கோடுகளின் வாசல்

"நீ இறங்குக்கா, நான் பின்னாடியே வர்றேன்."

"பின்னாடியேன்னா எத்தனை நிமிஷம் கழிச்சு?"

"செருப்பு மாட்டுற நேரம்தான்."

"உனக்குச் செருப்பு மாட்ட அரை நாள் ஆகும்டா. நீயே முன்னாடி போ."

பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரியும், நான்காம் மாடியில் தனியாக இருந்த அவள் தம்பியும். அந்தக் கட்டடத்திலிருந்து தனியாக இறங்கிப் போகிறவர்களை மேலே இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள் என்பதால், இந்தப் பேச்சு பதினோரு நாளாக நடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து, கீழ்த்தளத்தில் கணினிகளை வைத்து, குடியிருப்பவர்களுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். திரையில் ஒவ்வொருவரும் ஒரு வட்டம். யாரோடு யாருக்குத் தொடர்போ அவர்களுக்கிடையில் ஒரு கோடு. 'இரு' என்று அழுத்தினால் கொஞ்சம் மதிப்பெண் நிச்சயம். 'நகர்' என்று அழுத்தினால், தன் கோடுகளில் இருப்பவர்களில் பாதிப்பேராவது கூட நகர்ந்தால்தான் முழு மதிப்பெண், இல்லையென்றால் பூஜ்யம். மூன்று நாளில் அவர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். கோடுகள் போகவில்லை. விரல் தடிமனில், சாம்பல் நிறத்தில், வாசலுக்கு வாசல் தரையில் கிடந்தன. பெருக்க வருகிற பெண் ஒரு வாரம் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அவற்றைப் பாராமல் பெருக்கப் பழகிக்கொண்டாள்.

இந்த வருடம் தம்பியின் படுக்கைக்கு நேர் மேலே கூரையில் விரிசல் விழுந்தது. முதலில் தீக்குச்சி நுழைந்தது, பிறகு பேனா, போன திங்கட்கிழமை அவனுடைய ஸ்க்ரூடிரைவர் பிடியோடு நுழைந்தது. கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸும் வந்தது. முதல் மாடியில் கோடு வளையமாக ஓடியது, ஆளுக்கு இரண்டே கோடு. சலவைக்காரர் கிளம்பினார், அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், அவரைப் பார்த்து அடுத்தவர் என்று ஒரே வாரத்தில் மாடி காலியானது. அவர்கள் ஒன்றும் பெரிய தைரியசாலிகள் இல்லை. கோடு அப்படி. இரண்டாம் மாடியில் எல்லோருக்கும் எல்லோரோடும் கோடு. அங்கே கடிகாரம் பழுதுபார்ப்பவர் மட்டும் பெட்டியோடு இறங்கினார். அவர் மனைவி மறுநாள் வாசலில் கிடந்த ஆண் செருப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக, யாருடையது என்று கேட்டாள். அவர் தினமும் தெருவில் நின்று கையசைக்கிறார். "யாரோ பாவம், வீடு மாறி நிக்கிறார்" என்று சொல்லி அவளும் பதிலுக்குக் கையசைப்பாள்.

மூன்றாம் மாடியில் எல்லாக் கோடுகளும் மருந்துக்கடைக்காரியின் வாசலில் வந்து முடிந்தன. அந்த மாடியின் மற்ற ஆறு வீடுகள், மேலிருந்து படி வழியாக இறங்கிய தம்பியின் கோடு, ஆக ஏழு. அந்த ஏழு பேருக்கும் அவள் ஒருத்திதான். அவள் இறங்கினால் இறங்கலாம். அவளை மறக்காமல் இருக்கவோ, விளையாட்டின் கணக்குப்படி ஏழில் பாதி, நாலு பேராவது கூட வர வேண்டும். ஏழு பேரும் வருவதாகச் சத்தியம் செய்தார்கள், ஒருவரும் பெட்டியை எடுக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தால் ஏழு முகங்கள் அவள் கால்களையே பார்த்தன. கடையில் இருமலுக்கு வந்தவருக்கு வயிற்றுவலி மாத்திரையைக் கொடுத்தாள். அம்மா போன பிறகு தம்பியைத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் அவள்தான். அவன் நினைவில் இல்லாவிட்டால் வேறு எங்கே இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை விரிசலிலிருந்து கைப்பிடியளவு காரை அவன் தலையணையில் விழுந்தது. அவள் மேலே ஏறிப்போய் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு இறங்கினாள். கோடுகள் அவள் குதிகாலில் ஒட்டி நீண்டன. தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, கட்டடத்து வாசற்படியில் யாரும் இல்லை. நான்காம் மாடி ஜன்னலில் தம்பி நின்று, கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்," என்று அவள் கீழிருந்து கத்தினாள், "ஒரு தடவை அக்கான்னு கூப்பிடுடா."